உப்பில்லாத பதினொரு மாதம்

காலையில் கண் விழித்ததும் நான் செய்யும் முதல் காரியம் ஜெபம் அல்ல. பாயில் உட்கார்ந்தபடியே, முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓடும் இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பத்து எண்ணுவேன். விரலை எடுத்ததும் தோல் எழுந்துவிடுகிறது. குழி இல்லை. அதற்குப் பிறகுதான் சிலுவை அடையாளம், அதற்குப் பிறகுதான் அடுப்பு.

அடுத்த மாதம் எனக்கு ஐம்பது வயது நிறைகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று தமிழ் நடத்துகிறேன். பாலக்கரையிலிருந்து மலைக்கோட்டை வரை நடந்து போய்விட்டு வருகிறேன். இருந்தும் விரல் தானாகப் போய் அழுத்துகிறது. அது தேடுவது என் காலை அல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால், பதினொரு மாதம் தினமும் அழுத்திப் பழகிய இன்னொரு காலை.

இந்த வயதில் சந்தோஷங்கள் கூப்பிடாமலே வந்து உட்காருகின்றன. இளமையில் அவை வந்ததில்லை, அல்லது வந்தபோது நான் வீட்டில் இல்லை. மழை விட்ட மறுநாள் மாதா கோவில் மணிக்கூண்டின் மேல் விழும் வெயில். கஞ்சி போட்ட புடவையின் முதல் மடிப்பைப் பிரிக்கும்போது வரும் சத்தம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டையை அவிழ்க்கிற இடத்தில் எழும் மண் வாடை. வருவதை வாங்கிக்கொள்கிறேன். வாங்கிக்கொண்ட பிறகு, திருடியவளைப் போலச் சுற்றிலும் பார்க்கிறேன். ஏனென்றால், என்னைப் போலவே ஐம்பதை நோக்கி நடந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் கையிலிருந்து இவற்றையெல்லாம் பிடுங்கியவள் நான். என் கணவர் கையிலிருந்து.

அவருக்கு நாற்பத்தொன்பது நிறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. செருப்பு இறுக்குகிறது என்றார். புதுச் செருப்பு வாங்கினோம், அதுவும் இறுக்கியது. காலையில் முகம் ஊதியிருந்தது. தூக்கம் கூடிப்போனதால் என்று நினைத்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே பேசினார்.

"ரத்தக் கொதிப்பு ரொம்ப அதிகம். கிட்னியும் கெட்டிருக்கு. உப்பை நிறுத்தணும்."

"குறைச்சுக்கறோம் டாக்டர்" என்றேன்.

"குறைக்கச் சொல்லலைம்மா. நிறுத்தச் சொல்றேன். சோத்துல, குழம்புல, மோர்ல, எதுலயும் கூடாது. அப்பளம், ஊறுகா, கருவாடு, அதெல்லாம் மறந்துடணும்."

"நிறுத்தினா?"

டாக்டர் பேனாவை மூடினார். "நிறுத்தினா அம்பது வயசைத் தாராளமாப் பாக்கலாம்."

எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்துகளின் பெயர்கள் இருந்தன. அந்த எண் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது நான் இறுக்கிப் பிடித்திருந்தது அதைத்தான். ஐம்பது. இன்னும் பதினொரு மாதம். ஒரு மனிதரைப் பதினொரு மாதம் தூக்கிக்கொண்டு நடக்க முடியாதா என்ன? நான் நடப்பேன்.

அன்று சாயங்காலமே ஊறுகாய் ஜாடிகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. கல்லுப்பு வைத்திருந்த மரவையைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் கவிழ்த்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் இரண்டே பேர். ஒருவர் நாக்கை இன்னொருவர் காவல் காப்பது சுலபம்.

உப்பில்லாத சமையலைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மிளகை அதிகம் இடித்துப் போட்டேன், எலுமிச்சை பிழிந்தேன், கொத்தமல்லியைக் கை நிறையக் கிள்ளிப் போட்டேன். எல்லாம் வாசனையோடு வாய்வரை வந்து, அங்கே ஆளைக் காணாமல் திரும்பிப் போயின. முதல் வாரம் அவர் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார்.

"டீச்சர், இது ரசமா, ரசத்தைப் பத்தின கட்டுரையா?"

"கட்டுரைன்னா மார்க் போடுங்க."

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லை. கருத்துதான் காணோம்."

நானும் உப்பை விட்டேன். அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் நீட்டும் ஊறுகாயைக்கூடத் தள்ளிவிட்டேன். தவக்காலத்தில் நாற்பது நாள் ஒறுத்தல் செய்து வளர்ந்த குடும்பம் எங்களது. நாற்பது நாள் முடிந்தால் பாஸ்கு என்னும் ஈஸ்டர் வரும், ஆட்டுக்கறி வேகும். இதற்கும் முடிவில் ஒரு பாஸ்கு உண்டு என்று காலண்டரில் குறித்து வைத்தேன். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள்.

அவர் வேறு ஒன்றைத் தொடங்கியிருந்தார். "உப்பில்லாத ருசி எத்தனை இருக்குன்னு பாக்கறேன்" என்றார். காலைக் காப்பியை ஜன்னலோரம் எடுத்துப் போய், அடுத்த வீட்டுக் கிணற்றில் ராட்டினம் சுற்றி வாளி இறங்கி ஏறும் ஓசையைக் கேட்டுக்கொண்டே குடித்தார். முகச்சவரத்துக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார், சோப்பு நுரையின் வாசனைக்காக. ரேடியோவைத் திருப்பிவிட்டு, அது சூடாகிப் பேச ஆரம்பிக்கும்வரை உள்ளே மெல்லச் சிவக்கும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். தலையணையைத் திருப்பிப் போட்டுக் கன்னத்தை வைத்து, "இந்தப் பக்கம் எவ்வளவு குளுமையா இருக்கு, வச்சுப் பாரேன்" என்றார். ஒருநாள் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"சீக்கிரம் வா, சீக்கிரம்! தெருவுல காயற வேட்டி அத்தனையும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் திரும்புது பாரு!"

நான் கீழே இருந்து கேட்டேன்: "மாத்திரை போட்டீங்களா?"

எதற்குக் கூப்பிட்டாலும் என் பதில் அதுதான். அவருக்கு அந்தப் பதினொரு மாதம் ஒவ்வொரு நாளாக வந்தது. எனக்கு ஒரே மூட்டையாக. தினமும் காலையில் அவர் காலருகே உட்கார்ந்து கட்டைவிரலை அழுத்துவேன். நீர் கோத்த காலில், எடுத்ததும் குழி நிற்கும். அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுவேன். எண்ணிக்கை குறைந்தால் அன்று எனக்கு நல்ல நாள். அவருக்கு அன்று என்ன நாள் என்று நான் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் அவர் அலுவலகம் அரைநாள். அன்று மட்டும் வீட்டுக்கு வராமல் நேரே ஸ்ரீரங்கம் போவார். அங்கே உத்தர வீதியில் அவருடைய சிநேகிதர் வீடு. ஒரே அலுவலகத்தில் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருபது வருஷம் எழுதியவர்கள். இவர் நாமம் இட்டவரில்லை, அவர் பூசைக்கு வந்தவரில்லை. இருவருக்கும் பொதுவான தெய்வம் கிரிக்கெட். ரேடியோவில் வர்ணனை இருந்தால் காதைக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் கேட்டதையே திரும்பப் பேசுவார்கள். ஒருமுறை கடைத்தெருவில் எங்களைப் பார்த்த அந்தச் சிநேகிதர், என் எதிரிலேயே இவர் தோளைத் தட்டினார்.

"ஓய், அரை சதம் நெருங்கறது. நாப்பத்தொம்பதுல அவுட்டாகித் தொலையாதேயும்!"

"அம்பயர் யாருன்னு பாத்துக்குங்க" என்று என்னைக் காட்டினார் இவர். "கையைத் தூக்கிட்டாங்கன்னா நான் என்ன பண்ண முடியும்?"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் மாதம் முடிந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வாரம் முழுக்கக் குறைந்துவரும் குழி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழமாக நின்றது. பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் தப்பாக எண்ணிவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். பூசை அப்போது லத்தீனில்தான். புரியாத ஜெபத்துக்கு நடுவே முழங்காலில் நின்றபடி சனிக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிநேகிதர் வீட்டில் உப்பில்லாமல்தான் இலை போடுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். பிறகு ஸ்ரீரங்கத்தில் எந்த ஓட்டலில் நுழைகிறார்? பாலத்து முனையில் மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி விற்கிறவளிடமா?

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்ததும் பஸ் ஏறினேன். பாலத்தில் காற்று அடித்தது. காவிரியில் அந்த வருஷம் நல்ல தண்ணீர். நான் பார்க்கவில்லை. உத்தர வீதியில் வெயில் தரையிலிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தது. சிநேகிதர் வீட்டு வாசற்கதவு திறந்தே இருந்தது.

வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே அந்த வீடுகளில் ஓர் இருட்டு இடைகழி உண்டு, ரேழி என்பார்கள். அங்கே இலை போட்டு உட்கார்ந்திருந்தார் என் கணவர். கூடத்துப் படியைத் தாண்டி உள்ளே, கிறிஸ்தவர்களான எங்களுக்கு இடமில்லை. சாப்பிட்ட இலையையும் அவரே எடுத்துக்கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வருவார். "ஒரு இலையை எடுத்துப் போடறதுல என்ன குறைஞ்சுடப்போகுது" என்பார். எனக்குக் குறைந்தது. சிநேகிதர் உள்ளே சாப்பிட்டுவிட்டு வந்து கூடத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, நாங்கள் மாமி என்று அழைப்பவர், குனியாமல், கை படாமல், உயரத்திலிருந்து சாதத்தின்மேல் ரசத்தை, அவர்கள் பேச்சில் சாத்தமுதை, ஊற்றிக்கொண்டிருந்தார்.

என் கணவர் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். கண்கள் மூடின. ஏழு மாதமாக நான் பார்க்காத முகம் அது. எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷங்களில் பார்த்திருக்கிறேன். இப்போது என் எதிரில், என்னால் இல்லாமல், ஒரு கவளம் சோற்றால் அது திரும்ப வந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பாதி உப்புக்காக. மீதி அந்த முகத்துக்காக. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"மாமி, அவருக்கு உப்பு ஆகாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்றேன். வாங்கோ என்று சொல்லக்கூட நான் நேரம் கொடுக்கவில்லை.

மாமி திடுக்கிட்டுப் பாத்திரத்தை நிமிர்த்தினார். "தெரியுமே! பெருமாள் சாட்சியா ஒரு கல் உப்புப் போடலை. அவருக்குன்னு தனியா சாத்தமுது வச்சிருக்கேன். இந்துப்புதான் போட்டேன்."

"இந்துப்பா?"

"ஆமா. ஏகாதசி விரதத்துக்கே அதைச் சேத்துக்கலாமே. உப்புன்னா விரதம் பங்கமாயிடாதோ? அது எப்படி உப்பாகும்? நாட்டு மருந்துக் கடையிலே வாங்கிண்டு வந்து, வாராவாரம் நானேதான் இடிக்கறேன்."

சுவரோரமாக ஒரு சின்னக் கல்லுரல் இருந்தது. அதன் குழியில் இளஞ்சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. ஆகாத மனிதருக்கு ஆகும்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, வாராவாரம் உட்கார்ந்து இடித்திருக்கிறார் இந்த அம்மாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும் என் வாய் நிற்கவில்லை.

"மாமி, நான் தமிழ் டீச்சர். இந்து கூட்டல் உப்பு, இந்துப்பு. சொல்லுக்குள்ளயே உப்பு உக்காந்திருக்கு. உங்க பெருமாளுக்கு அது உப்பில்லாம இருக்கலாம். எங்க டாக்டருக்கு அது உப்புதான். வீட்டுக்குள்ளயே விடாத மனுஷனுக்கு இவ்வளவு விருந்து எதுக்கு?"

சிநேகிதர் எழுந்து நின்றார். "டீச்சரம்மா, ஆத்திரப்படாதீங்கோ. அவளுக்குத் தெரியாது..." மாமி பாத்திரத்தைக் கீழே வைத்தார். என் கணவர் மீதிச் சோற்றை இலையோடு மடித்தார், எழுந்து போய் வெளியே போட்டார், கை கழுவினார், செருப்பில் காலை நுழைத்தார். "போயிட்டு வரேன் மாமி" என்றார், வழக்கமாகச் சொல்வதுபோலவே.

திரும்பும் பஸ் பாலத்தில் ஏறியது.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"என்ன தெரியாதா?"

"அது உப்புன்னு."

"முதல் வாயிலேயே தெரிஞ்சுடுச்சு. நாக்குக்கு ஏகாதசி தெரியுமா?"

"அப்புறம் ஏன்?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாரத்துல ஆறு நாள் நான் நோயாளி. ஒருநாள், ஒரு வேளை, சாப்பிடற மனுஷன். அது போதும்னு இருந்துச்சு."

"இனிமே சனிக்கிழமை வேணாம்."

"சரி" என்றார்.

நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். கெஞ்சலுக்கும் தயாராக இருந்தேன். அந்தச் சரிக்குத் தயாராக இல்லை. பஸ் பாலத்தைவிட்டு இறங்கியது. பிறந்தநாளுக்கு நான்கு மாதம் இருந்தது.

அதன்பின் குழி ஒழுங்காகக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் ஒன்றுபோல் இருந்தன. எண்ணிக்கை என் பக்கம். ஆனால் மொட்டை மாடியிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. காப்பியை அடுக்களையிலேயே நின்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். முகச்சவரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆனது. சனிக்கிழமை மத்தியானங்களில் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். "ரேடியோ போடட்டுமா?" என்பேன். "உன் இஷ்டம்." அப்படி ஒரு மத்தியானத்தில், கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்:

"நீ என்னை அம்பதுக்குக் கொண்டுபோய்ச் சேத்துடுவே. எனக்குச் சந்தேகமே இல்லை. நான்தான் வழியிலே எங்கேயோ இறங்கிட்டேன்."

சிநேகிதர் ஒருமுறை பாலக்கரைக்கு வந்தார். இவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்றார். "வெறுமனே வர்ணனை கேக்க மட்டும் அனுப்புங்கோ டீச்சரம்மா. தீர்த்தம்கூடக் குடுக்க மாட்டோம். அவர் வராம எங்க ரெண்டு பேருக்கும் சனிக்கிழமையே விடியமாட்டேங்கறது."

"இன்னும் கொஞ்ச மாசம். அம்பது முடியட்டும், நானே கூட்டிட்டு வரேன்" என்றேன். தெருவோரம் நடந்து போனவரின் முதுகு எனக்கு இன்னும் தெரிகிறது. ஐம்பது தாண்டியவர்கள் எல்லோரும் ஸ்ரீரங்கம் போகலாம் என்று எங்கோ எழுதி வைத்திருப்பதுபோல் பேசியிருக்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் எட்டு வருஷமாக எழுதாமல் தள்ளி வந்தேன்.

பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்து முடித்ததும் டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை நிறுத்தினார். சோதனைச் சீட்டுகளைப் புரட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு மாசம்தான் டாக்டர்."

"எதுக்கு?"

"அம்பதுக்கு."

அன்றுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். "என்ன அம்பது?"

"நீங்கதானே சொன்னீங்க, உப்பை நிறுத்தினா அம்பது வயசைப் பாக்கலாம்னு."

"சொன்னேனா?" நெற்றியைத் தேய்த்தார். "அது ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பேன்மா. அம்பதுல என்ன இருக்கு? உங்ககிட்ட மறைக்க வேண்டாம். ரத்தத்துல யூரியா ஏறிக்கிட்டே போகுது. இனிமே உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் குறைஞ்சாலும் பெரிய வித்தியாசம் வராது. மனுஷன் ரொம்ப வாடிட்டாரு. வாய்க்குக் கொஞ்சம் ருசியாக் குடுங்க. எங்கயாவது போகணும்னா போயிட்டு வரட்டும்."

ஒரு பேச்சுக்கு. வகுப்பில் நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் என்று. பேச்சு நின்றுவிடாமல் இருக்க நடுவே போடும் சொல். அதன்மேல் நான் ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் ஒரு மனிதரை அடைத்து, கதவைச் சாத்தியிருந்தேன்.

வெளியே பெஞ்சில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்ன சொன்னாரு?"

"இப்படியே இருக்கட்டும்னாரு."

"உப்பு?"

"கூடாதுன்னாரு."

அவ்வளவுதான். அவர் தலையாட்டினார். "சரி, இன்னும் ரெண்டு மாசம்தானே" என்றார், என்னைத் தேற்றுவதுபோல.

ஏன் சொன்னேன்? எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். உப்பு கொடுக்கலாம் என்றால் அவர் போகப்போகிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அது ஒன்று. அதைவிடச் சின்னதான, அசிங்கமான ஒன்றும் இருந்தது. கொடுக்கலாம் என்றால், இதுவரை பிடுங்கியதெல்லாம் எதற்கு? மாமியைக் கேட்ட கேள்வி எதற்கு? ஒன்பது மாதத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் பத்தாவதையும் பதினொன்றாவதையும் அதன்மேல் போட்டேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. எல்லோரும் சொல்லும் பொய் என்று நினைத்திருப்பார்.

ஐம்பதாவது பிறந்தநாள் ஒரு புதன்கிழமை வந்தது. புதுச் சட்டை போட்டுவிட்டேன். கழுத்துப் பொத்தானைப் போட்டாலும் உள்ளே இரண்டு விரல் இடம் இருந்தது. முகத்தில் ஒரு மண் நிறம். கோவிலுக்கு நடக்க முடியவில்லை. வீட்டிலேயே படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபம் சொன்னார். முடித்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"சொன்ன மாதிரியே கொண்டுவந்து சேத்துட்டே. வேற யாராலயும் முடிஞ்சிருக்காது. நான்தான் சமயத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். மனசுல வச்சுக்காதே."

நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுத்திருக்கலாம், இரண்டே வாக்கியம்தான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று உப்புப் போட்டுச் சமைத்தேன். பரணிலிருந்து மரவையை இறக்கி, புதிதாகக் கல்லுப்பு வாங்கி நிரப்பினேன். டாக்டர் இன்றைக்கு ஒருநாள் போடலாம் என்றார் என்று அதற்கும் ஒரு பொய். நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. வாணலியிலிருந்து எழுந்த வாசனையில் எனக்கே நாக்கு ஊறியது. அவர் ஒரு கவளம் எடுத்தார். நான் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூடுமா என்று. மூடவில்லை. மெல்ல மென்றார், கஷ்டப்பட்டு விழுங்கினார், தண்ணீரை எடுத்தார்.

"தகரத்தை நக்கின மாதிரி இருக்கு" என்றார். "உன் சமையல்ல ஒண்ணுமில்லை. எதைச் சாப்பிட்டாலும் இப்படித்தான் ஒரு வாரமா. சொல்ல வேணாம்னு பாத்தேன்."

இன்னொரு கவளத்தையும் சாப்பிட்டார், எனக்காக. மீதியை நான் ஒருத்தியே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மூன்றாவது வாரம், கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் கொடுக்கச் சாமியார் வந்தார். அதற்கு மறுநாள் விடிந்ததும் என் கணவர் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்துக்குச் சிநேகிதர் வந்திருந்தார், மண் போட்டார், என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். மாமி வரவில்லை.

போன சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். எனக்கும் ஐம்பது நெருங்குகிறது. யாராவது ஒருவராவது இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. சிநேகிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று உள்ளே கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மாமிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "வாங்கோ" என்றார். ரேழியில் பாய் விரித்தார், எதிரே கூடத்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் சொன்னது, அவர் தலையாட்டியது. மாமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"நீங்கோ வந்து சத்தம் போட்டுட்டுப் போனதுலேருந்து அவர் பிறந்தநாள் வரைக்கும் பதினேழு சனிக்கிழமை. நான் எண்ணிண்டிருந்தேன்" என்றார். பிறகு, "டாக்டர் போகலாம்னு சொன்னப்புறம் எத்தனை?"

"ஒன்பது."

"ஒம்போது" என்றார் மாமி.

அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். திட்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். "எனக்குத்தான் தெரியாது, இந்துப்பும் உப்புன்னு. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்ததே" என்று மட்டும் சொன்னார். அதில் குத்தல் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டதுபோல் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மாமி எழுந்து உள்ளே போனார். போனவர் திரும்ப வரமாட்டார் என்று நினைத்து நானும் எழப்போனேன்.

வந்தார். கையில் டம்ளரும் டவராவும். என் எதிரில் தரையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஆறிடும், சாப்பிடுங்கோ" என்றார். மன்னித்தேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பது அந்த வீட்டு வழக்கம், அவ்வளவுதான். எடுத்துக் குடித்தேன். முதல் டிகாஷன், திட்டமான சர்க்கரை. அழவேண்டும் என்று அவ்வளவு தூரம் வந்தவள், இது ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டுமே என்றுதான் அப்போது நினைத்தேன்.